சீகன்பால்கு ஐயரும் கருணை மதிப்பெண்ணும்

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் கல்லூரி மாணவரிடையே மிகுதியாக அடிபடும் சொல் ஒன்று உண்டு. அது கருணை மதிப்பெண் என்பதாகும். 40 மதிப்பெண் பெற்றால் தேர்ச்சி என்பது விதி. 38 பெற்றவன் விதிப்படி தோற்றவன். ஆயினும் சில வேளைகளில் பல்கலைக்கழகம் மனமிரங்கி 2 மதிப்பெண்ணைச் சேர்த்து அவனைக் கரையேற்றிவிடுகிறது. 12 மதிப்பெண் பெற்றவனுக்கோ அக்கருணை எட்டுவதில்லை. கரையை நெருங்கி வந்தவனுக்குக் கைகொடுப்பதும், நடுக்கடலில் தத்தளிப்பவனை விட்டுவிடுவதுமே கருணை மதிப்பெண்ணின் இயல்பு.

ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் பேருந்தில் வரும்போது ஒருநாள் இதைப்பற்றி நாங்கள் நகைத்துப் பேசிக்கொண்டிருந்தோம். உடன் வந்த நண்பன் ஒருவன் ஆம்பூர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவன். தங்கள் சமயத்தில் கிருபை என்று சொல்லப்படுவது இதற்கு நேர்மாறானது என்றும், அது 38 பெற்றவனுக்கும் 12 பெற்றவனுக்கும் ஒரே அளவில் வருவது என்றும் அவன் கூறினான். அப்படியானால் ஒருவன் எதற்காகக் கண்விழித்துப் படிக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அவனால் உடனே விடை கூற இயலவில்லை. எனக்கும் அவ்வினா பேருந்தோடு இறங்கிப் போய்விடவில்லை.

நான் கிறித்தவன் அல்லன். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மாரியம்மனையும் பெருமாளையும் வழிபடும் குடும்பம். ஆயினும் எங்கள் வீட்டில் முன்னர் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இவ்வினாவை எனக்குச் சொந்தமானதாக ஆக்கியிருந்தது. அதனைப் பின்னர் கூறுவேன். விடையைத் தேடி நூலகத்தில் நான் புரட்டிய நூல்களின் வழியே எனக்கு அறிமுகமானவரே பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயர் ஆவார். நியாயப்பிரமாணம், கிருபை என்னும் இரண்டு சொற்களுக்கிடையே வாழ்ந்து, 36 வயதில் மறைந்த அப்பெரியாரின் வாழ்க்கையை எனக்குத் தெரிந்த அளவில் ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

ஆம்பூரும் தரங்கம்பாடியும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைத் தோலுக்காகவே உலகம் அறியும். ஆம்பூருக்குப் பிரியாணியாலும் ஒரு பெயர் உண்டு. ஆனால் இப்பகுதிக்குச் சமய வரலாற்றிலும் ஓர் இடம் உண்டு என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 1890களில் நெய்தர், மோன் என்னும் இரு ஜெர்மானிய ஊழியர்கள் அமெரிக்காவின் மிசௌரி லுத்தரன் சபையின் சார்பில் கிருஷ்ணகிரி, ஆம்பூர் வட்டாரத்தில் பணி தொடங்கினர். ஆம்பூரில் பள்ளியும் மருத்துவமனையும் அதன் பயனாகத் தோன்றின. இவ்விருவரும் அதற்குமுன் லைப்சிக் சங்கத்தில் பணியாற்றி, கோட்பாட்டு வேறுபாட்டால் விலகியவர்கள். அந்த லைப்சிக் சங்கமோ தரங்கம்பாடியில் சீகன்பால்கு தொடங்கிய பணியை 19ஆம் நூற்றாண்டில் ஏற்று நடத்திய சங்கமாகும். ஆகவே ஆம்பூரில் என் நண்பன் சிறுவயதில் மனப்பாடம் செய்த ஞானோபதேசத்தின் வேர் தரங்கம்பாடிக் கடற்கரையில் இருக்கிறது.

அந்த ஞானோபதேசம் மார்ட்டின் லுத்தர் 1529ஆம் ஆண்டில் எழுதிய சிறுநூல். அதனைத் தமிழில் முதன்முதலில் பெயர்த்தவர் சீகன்பால்கு. அதன் வரிசை முறையைக் கவனிக்க வேண்டும். முதலில் பத்துக் கற்பனைகள். அதன்பின் விசுவாசப் பிரமாணம். அடுத்துக் கர்த்தருடைய ஜெபம். மனிதன் செய்ய வேண்டியது இன்னதென்று சட்டம் முதலில் கூறுகிறது. செய்ய இயலாமல் நிற்கும் அவனுக்காகக் கடவுள் செய்தது இன்னதென்று விசுவாசப் பிரமாணம் பின்னர் கூறுகிறது. லுத்தரின் கருத்துப்படி சட்டம் ஒரு கண்ணாடி போன்றது. முகத்தில் உள்ள அழுக்கைக் கண்ணாடி காட்டும், ஆனால் கழுவாது. கழுவுவது கிருபை. கழுவப்பட்டவன் நற்செயல் செய்கிறான். ஆனால் அது கழுவுவதற்குக் கொடுத்த கூலியன்று, கழுவப்பட்டதன் பயன். பவுல் அடிகள் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களிலிருந்து லுத்தர் கண்ட கருத்து இதுவே.

இளமையும் பயணமும்

சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல் நலமும் அவருக்கு வாய்க்கவில்லை. படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. ஹாலே நகரில் பேராசிரியர் பிராங்கே என்பவரிடம் அவர் பயின்றார். சமயம் என்பது வாயளவில் ஒப்புக்கொள்ளும் கோட்பாடு மட்டுமன்று, உள்ளம் மாறி வாழும் வாழ்க்கை என்பது பிராங்கேயின் போதனை. அவர் நிறுவிய அனாதை இல்லமும் பள்ளிகளும் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்தன.

அக்காலத்தில் தரங்கம்பாடி டென்மார்க்கு நாட்டாரிடம் இருந்தது. 1620ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு அவர்கள் அங்கே கோட்டை கட்டினர். வணிகத்துக்காக வந்தவர்களுக்குச் சமயப்பணியில் நாட்டமில்லை. டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் தம் ஆட்சிக்கு உட்பட்ட இந்திய மக்களுக்குப் போதகர்களை அனுப்ப விரும்பினார். டென்மார்க்கில் தக்கவர் கிடைக்காமையால் ஹாலேயில் பயின்ற சீகன்பால்குவும் ஹைன்ரிக் புளுட்சோவும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1705 நவம்பரில் புறப்பட்ட கப்பல் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. மறுநாள் சீகன்பால்குவுக்கு 24 வயது நிறைந்தது.

அவர்களை வரவேற்க எவரும் இல்லை. கோட்டைத் தலைவராக இருந்த ஹாசியஸ், வணிகக் கம்பெனிக்கு இவர்களால் இடையூறு வரும் என்று கருதினார். சீகன்பால்கு மனம் தளரவில்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒருவர் சின்னஞ்சிறு பிள்ளைகளுடன் சேர்ந்து அ, ஆ என்று எழுதிய அக்காட்சியை நினைக்குந்தோறும் நம் உள்ளம் நெகிழ்கிறது. அழகப்பன் என்னும் மொழிபெயர்ப்பாளரும் அவருக்குத் துணை நின்றார்.

நீதி நூல்கள் தந்த வியப்பு

தமிழரைப் பற்றி ஐரோப்பாவில் நிலவிய எண்ணத்துடனேயே சீகன்பால்கு இங்கு வந்தார். அறநெறி அறியாத மக்களுக்கு அறம் போதிக்கப் போகிறோம் என்பது அவர் எண்ணமாக இருந்தது. ஓலைச் சுவடிகளைப் படிக்கத் தொடங்கியதும் அவ்வெண்ணம் குலைந்தது. அவர் விடாது சுவடிகளைத் திரட்டினார். 1708ஆம் ஆண்டில் அவர் எழுதிய தமிழ் நூற்பட்டியலில் தமிழர் இயற்றிய 119 நூல்கள் இடம்பெற்றுள்ளன. திருக்குறளின் பெருமையையும் அவர் உணர்ந்திருந்தார். அதே ஆண்டில் நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் அவர் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். நாம் தொடக்கப் பள்ளியில் படித்த கொன்றைவேந்தனை 300 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு ஜெர்மானியர் தம் மொழியில் எழுதினார் என்பது நமக்குப் பெருமை தருவதன்றோ!

இங்கேதான் நம் பொருளின் முடிச்சு இருக்கிறது. பொய் சொல்லாதே, திருடாதே, பிறர் மனை நயவாதே, பெற்றோரைப் போற்று என்பனவே பத்துக் கற்பனைகளின் பெரும்பகுதி. இவையனைத்தும் தமிழ்ப் பிள்ளைகளின் பாடத்தில் முன்னமே இருந்தன. மறைநூலின் துணையின்றியே இம்மக்கள் நன்னெறியை அறிந்திருக்கிறார்கள் என்று சீகன்பால்கு தம் நாட்டாருக்கு எழுதினார். அப்படியானால் ஆயிரக்கணக்கான கல் தொலைவு கடந்து அவர் கொண்டுவர வேண்டியது என்ன இருந்தது? சட்டத்தைக் கொண்டுவரத் தேவையில்லை; அது இங்கே இருந்தது. கிருபை என்னும் செய்தியைச் சொல்லவே தாம் வந்ததாக அவர் கண்டார்.

இதற்குத் தமிழர் சும்மா தலையசைத்துவிடவில்லை. 1712ஆம் ஆண்டு முதல் அவரும் அவருடைய துணைவர் குருண்ட்லரும் தமிழறிந்தோர் பலருக்கு வினாக்கள் அனுப்பி விடைகளை மடல்களாகப் பெற்றனர். அம்மடல்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலேயில் அச்சாயின. அவற்றிலும், சீகன்பால்கு எழுதிவைத்த உரையாடல்களிலும் தமிழர் எழுப்பிய மறுப்புகள் கூர்மையானவை. தரங்கம்பாடியில் வாழும் கிறித்தவ வெள்ளையர் குடித்தும் ஏய்த்தும் நடப்பதைத் தாங்கள் கண்ணால் காண்பதாக அவர்கள் கூறினர். சட்டத்தை மதிக்காதவருக்குக் கிருபை உண்டு என்றால் கிருபை என்பது குற்றத்துக்குக் கொடுக்கும் உரிமைச் சீட்டாகிவிடாதா என்பதே அதன் உட்பொருள். பேருந்தில் நான் நண்பனிடம் கேட்ட வினாவை 300 ஆண்டுகளுக்கு முன்பே என் முன்னோர் கேட்டிருக்கிறார்கள்.

அருள் என்பதும் தமிழருக்குப் புதிதன்று. சைவ சித்தாந்தம் அருளை விரிவாகப் பேசுகிறது. வைணவத்தில் வடகலையாரும் தென்கலையாரும் இதைப்பற்றியே வாதிட்டனர். குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்கிறது; பூனைக் குட்டியையோ தாய் வாயால் கவ்விச் செல்கிறது. மனிதன் கடவுளைப் பற்ற வேண்டுமா, கடவுளே மனிதனைத் தூக்கிச் செல்வாரா என்பது அவ்வழக்கு. கிறித்தவருள்ளும் இதே வழக்கு உண்டு. 5ஆம் நூற்றாண்டில் அகுஸ்தீனும் பெலாஜியுஸும் இதன்பொருட்டே மோதினர். 16ஆம் நூற்றாண்டில் லுத்தரும் கத்தோலிக்கத் திருச்சபையும் பிரிந்ததும் பெரும்பாலும் இதனாலேதான். அப்பூசல் தமிழ் மண்ணுக்கும் வந்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் தரங்கம்பாடியாரை மறுத்து வேதவிளக்கம் முதலிய நூல்களை எழுதினார்.

கைம்பெண்ணின் கடன்

சீகன்பால்குவின் வாழ்க்கையில் என்னைப் பெரிதும் ஈர்த்தது 1708ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்த வழக்காகும். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். அவருக்கும், கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையே கடன் கணக்கு ஒன்று இருந்தது. அக்கடனால் அவருடைய மனைவி துன்புற்றார். அந்த ஏழைக் கைம்பெண்ணுக்காகச் சீகன்பால்கு மீண்டும் மீண்டும் பரிந்து பேசினார். கோட்டைத் தலைவர் கோயிலுக்கு வரும்போது அவர்முன் மண்டியிட்டு இரக்கம் கேட்கும்படியும் அப்பெண்ணுக்கு அறிவுரை கூறினார்.

ஹாசியஸ் இதைத் தம் அதிகாரத்தில் தலையிடுவதாகக் கருதிச் சினந்தார். உடனே வரும்படி சீகன்பால்குவுக்கு ஆளனுப்பினார். எழுத்து மூலம் ஆணை வந்தால் வருவேன் என்றார் சீகன்பால்கு. சிப்பாய்கள் வந்து அவரைப் பிடித்துச் சென்றனர். கேள்விகளுக்கு அவர் விடை கூற மறுத்தார். நவம்பர் 19ஆம் நாள் முதல் மறு ஆண்டு மார்ச்சு 26ஆம் நாள் வரை, நான்கு மாதங்களுக்கு மேலாக, அவர் கோட்டைச் சிறையில் அடைபட்டுக் கிடந்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி ஒரு மாதமே ஆகியிருந்தது.

இவ்விடத்தைப் படித்தபோது நான் நூலை மூடி வைத்துவிட்டேன். முன்பு கூறுவதாகச் சொன்ன எங்கள் வீட்டு நிகழ்ச்சியை இப்போது எழுதுகிறேன்.

என் தந்தையார் தோல் ஷாப் என்று எங்கள் ஊரில் வழங்கும் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டிகள் உள்ள பகுதியில் வேலை செய்பவர். அவரோடு வேலை செய்த ஒருவருக்கு அவர் 30,000 ரூபாய் கடன் கொடுத்திருந்தார். அது என் அக்காளின் திருமணத்துக்காகச் சேர்த்த பணம். புரோநோட்டும் எழுதி வாங்கியிருந்தார். கடன் வாங்கியவர் அடுத்த ஆண்டே இறந்துவிட்டார். அப்போது நான் மேல்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாண்டு நிறைவதற்குள் சிறு தொகையாவது வரவு வைத்துக் கையெழுத்து வாங்காவிட்டால் பத்திரம் காலாவதியாகிவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டேன். தந்தையாரிடம் கூறாமலே அந்த அம்மையார் வீட்டுக்குச் சென்றேன். சட்டம் பேசினேன். அவருடைய பிள்ளைகள் இருவரும் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தனர். அவர் உள்ளே சென்று தம் காதிலிருந்த கம்மலைக் கழற்றிவந்து என் கையில் வைத்தார்.

வெற்றி பெற்றவன்போல் நான் அதனை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தந்தையார் என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. கம்மலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி மட்டும் சொன்னார். கொடுத்த பணம் கடன்தானே, கடனைக் கேட்பது தவறா என்று வாதாடினேன். கடன் கடன்தான் என்று அவர் ஒப்புக்கொண்டார். அன்றிரவு அக்காளை அழைத்து, அது அவளுடைய பணம் என்பதால் அவளிடமே கேட்டார். அக்காள் நெடுநேரம் பேசாதிருந்தாள், பிறகு சம்மதித்தாள். மறுநாள் அவர் புரோநோட்டின் பின்புறத்தில் முழுத்தொகையும் வரவாயிற்று என்று எழுதிக் கையெழுத்திட்டு, அதனை அந்த அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அதன்பின் ஒன்றரை ஆண்டுக்காலம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலைக்குச் சென்றார். அக்காளின் திருமணம் ஓராண்டுக்கு மேல் தள்ளிப் போயிற்று.

உண்மையைச் சொன்னால் அப்போது எனக்குத் தந்தையார்மீது கோபமே மிகுந்திருந்தது. அவர் கணக்கறியாதவர் என்று எண்ணினேன். சீகன்பால்குவின் வாழ்க்கையைப் படித்த பின்னரே அவர் கணக்கு நன்கு அறிந்தவர் என்று உணர்ந்தேன். அவர் கடனை இல்லையென்று சொல்லவில்லை. பத்திரத்தைக் கிழித்தெறியவும் இல்லை. கணக்கு நேராக வேண்டும். யாரோ ஒருவர் செலுத்தியாக வேண்டும். செலுத்த வேண்டியவரால் இயலவில்லை. ஆகவே வாங்க வேண்டியவரே செலுத்தினார்.

கிறித்தவர் கிருபை என்று கூறுவது இதுவே என என் நண்பன் பின்னொரு நாள் எனக்கு விளக்கினான். கடவுள் சட்டத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. சட்டம் கேட்ட விலையைச் சிலுவையில் தாமே செலுத்தினார் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனை ஏற்பதும் ஏற்காததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆனால் கிருபை என்பது சட்டத்தைக் கேலி செய்வதன்று என்பது மட்டும் எனக்கு விளங்கிவிட்டது. மன்னிக்கிறவனுக்கு அது இலவசமாக வருவதில்லை.

மறைநூலும் அச்சும்

சிறையிலிருந்து வெளிவந்த சீகன்பால்கு மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து, 1711 மார்ச்சில் புதிய ஏற்பாட்டை முடித்தார். இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துகளும் வந்து சேர்ந்தன. 1714, 1715 ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாயிற்று. தமிழில் முழுமையாக அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுவே. சிறுமியருக்கென்று பள்ளியும் அவர் நடத்தினார். 1713ஆம் ஆண்டில் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் ஒரு பெருநூல் எழுதி ஹாலேக்கு அனுப்பினார். புறச்சமயத்தை வேரறுக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்று அங்கு அதனை அச்சிடாது விட்டனர். 1867ஆம் ஆண்டில்தான் அது சென்னையில் அச்சாகி வெளிவந்தது.

1714 இறுதியில் ஐரோப்பா சென்ற அவர் மன்னரைக் கண்டார். மரியா டொரொதேயா என்னும் பெண்மணியை மணந்தார். தமிழ் இலக்கணம் ஒன்றை இலத்தீன் மொழியில் எழுதி 1716இல் ஹாலேயில் வெளியிட்டார். அவ்வாண்டே தரங்கம்பாடிக்குத் திரும்பினார். 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் கட்டி முடிக்கப்பட்டது. நம் வரலாற்றுத் துறைச் சுற்றுலாவின்போது அதன் முகப்பில் டென்மார்க்கு மன்னரின் முத்திரையையும் 1718 என்னும் ஆண்டையும் கண்டோம்.

சட்டத்தின் கடைசி மடல்

இவ்வளவு உழைத்தவருக்கு இறுதியில் கிடைத்தது பாராட்டன்று. திருப்பணியை மேற்பார்க்கக் கோபன்ஹேகனில் 1714இல் ஒரு கழகம் ஏற்படுத்தப்பட்டிருந்தது. அதன் செயலாளராக வந்த வென்ட் என்பவர் கடுமையான கொள்கையினர். அப்போஸ்தலர் கையில் பணமின்றி, வீடின்றி ஊர்ஊராகச் சென்று போதித்தனர். ஆதலால் இவர்களும் அவ்வாறே செல்ல வேண்டும் என்பது அவர் கருத்து. பள்ளிகளுக்கும் கட்டடங்களுக்கும் பணம் செலவிடுவதை அவர் கண்டித்தார். சீகன்பால்கு செய்த பணிகளில் பெரும்பகுதி அவர் பார்வையில் குற்றமாகத் தோன்றியது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும், அச்சுக்குத் தாள் வேண்டும் என்னும் தரங்கம்பாடி நிலை அவருக்குப் புலப்படவில்லை.

நோயால் நலிந்திருந்த சீகன்பால்குவுக்கு அக்கடிந்துரை பேரிடியாக வந்தது. வாழ்நாள் முழுவதும் கிருபையைப் போதித்த ஒருவர் தம் சொந்தச் சபையாரின் கையால் சட்டத்தைக்கொண்டு அளக்கப்பட்டார். அளந்தவர் எடுத்துக்காட்டிய நெறி மறைநூலில் உள்ள நெறிதான். ஆனால் அவ்வாறு அளக்கும்போது எவர்தாம் தேறுவர்? 1719 பிப்ரவரி 23ஆம் நாள் சீகன்பால்கு தரங்கம்பாடியில் காலமானார். தாம் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். குருண்ட்லரும் மறு ஆண்டே மறைந்தார். ரூத் ஆகமம் வரை நின்றுபோன பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பைப் பின்னர் வந்த சூல்ட்சே முடித்தார்.

குறையும் நிறையும்

பெரியோர் வாழ்வை எழுதும்போது குறைகளை மறைப்பது முறையன்று. தமிழர் நூல்களை மதித்த சீகன்பால்கு, தமிழர் வழிபாட்டைக் கடுமையாகவே எதிர்த்தார். மற்றொன்றும் உண்டு. கிருபைக்குமுன் எல்லாரும் சமம் என்று போதித்த அதே தரங்கம்பாடிச் சபையில் 18ஆம் நூற்றாண்டில் சாதிக்கேற்பத் தனித்தனியே அமரும் வழக்கம் இருந்தது. சாதி என்னும் சட்டத்தைக் கிருபையும் எளிதில் வெல்ல இயலவில்லை. தோலைத் தொட்டு உழைப்பவரை இழிவாகப் பார்த்த சமுதாயத்தில் வாழ்ந்த எங்கள் வட்டாரத்து மக்களுக்கு இதன் வலி நன்கு தெரியும்.

கிருபை உண்டு என்றால் ஏன் நன்றாக நடக்க வேண்டும் என்னும் என் வினாவுக்கு வருகிறேன். தந்தையாரிடம் இதைப்பற்றிப் பேசியபோது அவர் தம் தொழிலைக்கொண்டே விடை கூறினார். தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டால் மயிர் கழன்று தோலின் உண்மை நிலை தெரிகிறது. எங்கே வெட்டு, எங்கே வடு என்பது புலப்படுகிறது. ஆனால் சுண்ணாம்பிலேயே நெடுநாள் கிடந்தால் தோல் நைந்துவிடும். அதனை எடுத்துப் பதனிட வேண்டும். முற்காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பயன்பட்டன. இன்று வேறு மருந்துகள் பயன்படுகின்றன. பதனிட்ட தோலே காலுக்குச் செருப்பாகும். சுண்ணாம்பு வேண்டாம் என்று எந்தத் தொழிலாளியும் சொல்லமாட்டான். சுண்ணாம்பே போதும் என்றும் சொல்லமாட்டான். நியாயப்பிரமாணம், கிருபை என்னும் சொற்கள் என் தந்தையாருக்குத் தெரியா. ஆயினும் நூல்களில் நான் தேடிய விளக்கத்தை அவர் தொட்டியருகே நின்று கண்டிருக்கிறார்.

இன்னொன்றையும் கூறி முடிக்கிறேன். அந்த அம்மையாரின் மூத்த மகன் இப்போது ஒரு காலணித் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். சென்ற பொங்கலுக்கு முன் அவன் எங்கள் வீட்டுக்கு வந்து 2,000 ரூபாயைத் தந்தையாரிடம் நீட்டினான். கணக்கு முன்பே முடிந்துவிட்டது என்று தந்தையார் வாங்க மறுத்தார். கடனுக்காகத் தரவில்லை, அக்காளின் குழந்தைக்குச் சட்டை வாங்கத் தருகிறேன் என்று அவன் கூறவே, தந்தையார் அக்காளை அழைத்து அவள் கையில் கொடுக்கச் சொன்னார். மன்னிக்கப்பட்டவன் ஏன் நல்லவனாக நடக்க வேண்டும் என்று நான் பேருந்தில் கேட்டேன் அல்லவா? அவன் நடந்துகொண்ட முறையே அதற்கு விடை என்று எனக்குத் தோன்றியது. அவனை எவரும் கட்டாயப்படுத்தவில்லை. பத்திரமும் அவன் வீட்டில்தான் இருந்தது.

கருணை மதிப்பெண் 38ஐ 40 ஆக்கும். அதற்குமேல் அதனால் ஒன்றும் ஆகாது. சீகன்பால்கு ஐயர் கடல் கடந்து கொண்டுவந்த செய்தியோ 12 மதிப்பெண் பெற்றவனையும் கைவிடாதது. கைவிடப்படாதவன் அடுத்த தேர்வுக்குத் தானே விரும்பிப் படிப்பான் என்னும் நம்பிக்கை அதில் இருக்கிறது. மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகி, ஒரு கைம்பெண்ணின் கடனுக்காகச் சிறை சென்ற அப்பெரியாரை எச்சமயத்தவராயினும் நாம் நினைந்து போற்றுவது தகும்.